சமையற்கட்டுக்குப் பின்னால் சேம்பு

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

இது நான் உனக்கு எழுதும் பதினோராவது கடிதம். முன்பு எழுதிய பத்தும் உன் கைக்கு வந்தனவா, வந்து அடுப்புக்குப் போயினவா என்று தெரியாது. அந்தப் பத்திலும் மன்னிப்புக் கேட்டிருந்தேன். இதில் கேட்கப் போவதில்லை, பயப்படாமல் படி. ஒரு செடியைப் பற்றி விசாரிக்கத்தான் எழுதுகிறேன்.

போன மாதம் என்னைத் தையல் பிரிவிலிருந்து தோட்ட வேலைக்கு மாற்றினார்கள். சிறைச் சமையற்கட்டுக்குப் பின்னால் ஒரு பள்ளம் இருக்கிறது. பாத்திரம் கழுவிய தண்ணீர், அரிசி கழுவிய தண்ணீர் எல்லாம் அங்கேதான் வந்து விழும். இரண்டு பேருந்து நிறுத்தலாம், அவ்வளவு இடம். வருஷம் முழுக்கச் சொதசொதவென்று கிடக்கும். அதன் ஓரத்தில் இரண்டு கொத்து சேம்பு தானாக முளைத்து நிற்கிறது.

தோட்டத்துக்குப் பொறுப்பான வார்டர், "களைடா அது, வெட்டி எறி" என்றார். "கிழங்கு இருக்குங்கய்யா, இலையும் சாப்பிடலாம்" என்றேன். "சாப்பிட்டா நாக்கு தடிச்சு நாலு நாள் பேச்சே வராது. இங்க பாதிப் பேருக்கு அது நல்லதுதான்" என்று சிரித்தார். அப்புறம் என்ன நினைத்தாரோ, "மழைக்குள்ள ஏதாவது உருப்படியா வளர்த்துக் காட்டு. இல்லாட்டி மண்ணைக் கொட்டி மூடிடுவேன்" என்றார்.

உள்ளே இருநூற்று நாற்பது பேர் இருக்கிறோம். வாரத்தில் இரண்டு நாள்தான் கீரை.

பம்ப் ஹவுஸுக்குப் பின்னால், தொட்டி நிரம்பி வழிகிற இடத்தில் நீயும் அத்தானும் சேம்பு போட்டிருந்தீர்கள். பத்து வருஷம் அதைத் தின்றிருக்கிறேன், எப்படி வளர்க்கிறீர்கள் என்று ஒருநாள்கூடக் கவனித்ததில்லை. அத்தானின் வேலையை இப்போது நீ பார்க்கிறாய் என்று சித்தி எழுதியிருந்தார். அந்த இடம் இன்னும் இருக்கிறதா? எப்படி நட வேண்டும் என்று மட்டும் எழுது. வேறு எதுவும் எழுத வேண்டாம்.

உன் தம்பி


மார்ச் 2

கிழங்கு பதினாறு அனுப்பியிருக்கிறேன். எல்லாம் விரல் நீளம், முளை உள்ளவை.

முளை மேலே பார்க்க நட வேண்டும். நாலு விரல் ஆழம் போதும், அதற்கு மேல் போனால் அழுகும். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையில் ஒரு கை நீளம் விடு. ஈரம் எப்போதும் இருக்க வேண்டும், ஆனால் தண்ணீர் தேங்கி நாறக் கூடாது. நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும்.

அடியில் காய்ந்த இலைதழை போட்டு மூடு. ஒரு செடியில் நாலு இலைக்குக் குறையாமல் விட்டுவிட்டு ஓரத்து இலையை மட்டும் அறு. கிழங்கு எடுக்கும்போது தாய்க்கிழங்கைத் தொடாதே. பக்கத்தில் பிரிந்தவற்றை மட்டும் எடு. தாய் இருந்தால் அடுத்த வருஷமும் வரும், அதற்கு அடுத்த வருஷமும் வரும்.

பச்சையாக நறுக்கும்போது கை ஈரமாக இருக்கக் கூடாது. எண்ணெய் தடவிக்கொள். குழைய வேக வேண்டும். கொஞ்சம் புளி சேர். பாதி வெந்ததை யாருக்கும் கொடுக்காதே.

இது செடிக்கான பதில். வேறு எதற்கும் இல்லை.


மார்ச் 30

அன்புள்ள அக்காவுக்கு,

பார்சல் வந்தது. பார்சல் அறையில் ஒவ்வொரு கிழங்கையும் ஊசியால் குத்திப் பார்த்தார்கள். ஒன்றை இரண்டாக வெட்டியும் பார்த்தார்கள். உள்ளே கிழங்குதான் இருந்தது. வெட்டியதையும் சேர்த்தே நட்டேன்.

நீ சொன்ன மாதிரிதான் செய்தேன், ஆனாலும் ஐந்து அழுகிவிட்டன. பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீர் விழுகிற பக்கத்தில் இருந்தவை எல்லாம் போயின. மறுபக்கம் பதினொன்று பிடித்துக்கொண்டன. முதல் இலை சுருட்டி வைத்த தாள் மாதிரி வந்து மூன்றாம் நாள்தான் விரிகிறது. அதில் தண்ணீர் ஒட்டாமல் உருள்வதை நேற்று கால் மணி நேரம் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். "என்னடா, சினிமாவா ஓடுது?" என்று வார்டர் கேட்ட பிறகுதான் தெரிந்தது.

பழைய இரண்டு கொத்திலிருந்து கொஞ்சம் இலை அறுத்துச் சமையற்கட்டில் கொடுத்தேன். அங்கே தலைமை வகிப்பவர் முன்னாள் சிப்பாய். பெயர் யாருக்கும் தெரியாது, பட்டாளம் என்றுதான் கூப்பிடுவோம். எண்ணெய் தடவச் சொன்னதற்கு, "எல்லையில பனியில நின்ன கைடா இது" என்று ஈரக் கையாலேயே நறுக்கினார். அன்று சாயங்காலம் வரைக்கும் இரண்டு கையையும் சுவரில் தேய்த்துக்கொண்டே நின்றார். இப்போது எண்ணெய்க் கிண்ணத்தை அவரே எடுத்து வைக்கிறார்.

சோப்புத் தண்ணீருக்கு என்ன செய்வது? ~~அத்தான் இருந்திருந்தால்~~ உனக்குத் தெரிந்திருக்கும்.

உன் தம்பி


ஏப்ரல் 21

அரிசி கழுவும் தொட்டியின் குழாயைத் தனியாகப் பிரிக்கச் சொல். அது மட்டும் பள்ளத்துக்கு வரட்டும். சோப்புத் தண்ணீரைச் சாக்கடையோடு சேர்த்துவிடு. அந்தத் தண்ணீரில் தவளையும் நிற்காது. தவளை நிற்காத இடத்தில் சேம்பு மட்டும் நின்று என்ன பிரயோஜனம்?

இனி நீ கேட்காதது.

அவரைப் பற்றி எழுதி அடித்திருக்கிறாய். அடித்தாலும் படிக்க முடிகிறது. எனக்கு அடிக்க வழியில்லை. பம்ப் ஹவுஸ் பதிவேட்டில் முன்பக்கங்கள் முழுக்க அவர் கையெழுத்துதான். எத்தனை மணிக்கு மோட்டார் போட்டார், எத்தனை மணிக்கு நிறுத்தினார், தொட்டியில் எத்தனை அடி. ஒரு தேதியோடு அது நிற்கிறது. பதினைந்து நாள் வேறு யாரோ எழுதியிருக்கிறார்கள். அப்புறம் என் கையெழுத்து. தினமும் ஆறு தடவை அதைத் திறக்கிறேன்.

பாப்பாவுக்குப் பதின்மூன்று முடிந்துவிட்டது. வேன், ஆட்டோ எதிலும் ஏற மாட்டாள். பள்ளிக்கூடத்துக்கு நாற்பது நிமிஷம் நடந்துதான் போகிறாள். யாராவது கேட்டால், "எங்க மாமா தூங்கிட்டே வண்டி ஓட்டி எங்கப்பாவைக் கொன்னுட்டார்" என்று வாய்ப்பாடு மாதிரி சொல்கிறாள். ஊரே அப்படித்தான் சொல்கிறது. நானும் நீதிமன்றத்தில் அப்படித்தான் சொன்னேன்.

இதையும் தெரிந்துகொள். சும்மா செடியைப் பற்றி மட்டும் எழுதிக்கொண்டிருக்க என்னால் முடியாது.


ஜூன் 14

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்தபின் ஒரு மாதம் எழுத வரவில்லை. இப்போதும் பாப்பாவைப் பற்றி எழுத எனக்கு வாயில்லை. அவள் சொல்வது சரிதான் என்பதை மட்டும் எழுதிவிடுகிறேன்.

குழாயைப் பிரித்துவிட்டோம். பட்டாளமே சுவரை உடைத்துப் பைப் போட்டார். மழையும் வந்தது. அதன்பின் செடிகளைப் பார்க்க வேண்டுமே! என் இடுப்பு உயரம் வந்துவிட்டன. பக்கத்துக்கு மூன்று, நான்கு குட்டிகள் விட்டிருக்கின்றன. இலைக்காம்பு தண்டோடு சேருகிற இடுக்கில் நகத்தளவு தவளைகள் உட்கார்ந்திருக்கின்றன. சாயங்காலமானால் தட்டான் கூட்டம். நடுவில் ஒரு பச்சைப் புழு வந்தது. வாலில் கொம்பு, பக்கவாட்டில் கண் மாதிரிப் புள்ளி. ஒரே நாளில் ஒரு இலையைத் தின்று நரம்பை மட்டும் மிச்சம் வைக்கிறது. முதலில் பிடுங்கி மிதித்தேன். அப்புறம் மனசு கேட்கவில்லை. பழைய கொத்தில் ஒன்றை அதற்கென்று விட்டுவிட்டேன்.

இதைவிடப் பெரிய சேதி, ஒரு கானாங்கோழி உள்ளே வந்து கூடு கட்டியிருக்கிறது. முகமும் மார்பும் வெள்ளை, வால் அடியில் செங்கல் நிறம். ஐந்து முட்டை. சாப்பாட்டு வரிசையில் நிற்கிறவர்கள், "இன்னிக்கு எழுந்துச்சா, உக்காந்திருக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் தட்டை நீட்டுகிறார்கள். மூன்று வருஷமாக ஒருவரோடும் பேசாத ஒரு ஆள் நேற்று என்னிடம், "அஞ்சா, ஆறா?" என்றார்.

இப்போது பிரச்சினைக்கு வருகிறேன். சுகாதார ஆய்வாளர் வந்து பார்த்து, "கொசுப் பண்ணை" என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். மாதக் கடைசிக்குள் மண் கொட்டி மூடி சிமெண்ட் பூச உத்தரவு. முட்டை பொரிக்க இன்னும் பத்து நாளாவது ஆகும். உங்கள் தொட்டியடியில் கொசு வராமல் எப்படிப் பார்த்துக்கொள்கிறீர்கள்? உடனே எழுது.

உன் தம்பி


ஜூன் 22

தம்பிக்கு,

உனக்கு எழுதி, நீ அவர்களிடம் சொல்லி, அவர்கள் கேட்பதற்குள் மாதம் முடிந்துவிடும். அதனால் உங்கள் கண்காணிப்பாளருக்கே நேராக எழுதிவிட்டேன். பம்ப் ஹவுஸ் ஆபரேட்டர் என்று பதவியைப் போட்டு, முத்திரையும் குத்தினேன்.

அதில் எழுதியது இதுதான். பத்தடிக்கு ஒரு அங்குலம் சரிவு கொடுத்தால் தண்ணீர் தேங்காது. தேங்காத தண்ணீரில் கொசு முட்டை நிலைக்காது. மிச்சம் மீதியைத் தவளையும் தட்டான் குஞ்சுகளும் பார்த்துக்கொள்ளும். நம்பாவிட்டால் ஒரு வெள்ளைக் கரண்டியால் பத்து இடத்தில் தண்ணீர் மொண்டு புழுக்களை எண்ணிப் பாருங்கள். பக்கத்துச் சாக்கடையிலும் பத்துக் கரண்டி மொண்டு எண்ணுங்கள். எது பண்ணை என்று தெரியும். எங்கள் இடத்தில் வாரம் ஒருமுறை எண்ணி எழுதுகிறோம். அந்தப் பக்கத்தைப் பார்த்து எழுதி இணைத்திருக்கிறேன்.

சரிவு வெட்டும்போது கூட்டுப் பக்கம் போகாதே.

உன் கடிதம் வந்த அதே தபாலில் எனக்கும் ஒரு தாள் வந்தது. நன்னடத்தைக்காக உன்னை முன்கூட்டியே விடுவிக்கலாமா என்று ஒரு குழு பரிசீலிக்கிறதாம். இறந்தவரின் குடும்பத்துக்கு ஆட்சேபம் உண்டா, இல்லையா என்று கேட்டிருக்கிறார்கள். "உண்டு" என்ற கட்டத்தில் குறி போட்டுக் கையெழுத்துப் போட்டு நேற்றே அனுப்பிவிட்டேன்.

உனக்குத் தெரிய வேண்டும் என்று எழுதுகிறேன். ஒன்றை மறைத்து வைத்து எனக்குப் பழக்கமில்லை.

இந்தக் கடைசி வரியை எழுதிவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அடிக்கவில்லை. அப்படியே இருக்கட்டும்.

அக்கா


ஜூலை 10

அன்புள்ள அக்காவுக்கு,

"தம்பிக்கு" என்று ஆரம்பித்திருக்கிறாய். அதற்கு மேல் அந்தக் கடிதத்தில் என்ன இருந்தாலும் சரிதான்.

உன் ஆட்சேபத்தின் நகலைக் கொடுத்து, பதில் ஏதாவது உண்டா என்று கேட்டார்கள். "ஒன்றும் இல்லை" என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். நீ செய்தது நியாயம். இதை நினைத்துச் சோறு இறங்காமல் இருந்துவிடாதே.

கண்காணிப்பாளர் உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே பள்ளத்துக்கு வந்தார். சுகாதார ஆய்வாளரையும் கூட்டி வந்திருந்தார். பட்டாளம் தன் வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தைக் கொடுத்தார். நான் மொள்ள, ஆய்வாளர் எண்ணினார். பள்ளத்தில் பத்துக் கிண்ணத்துக்கு நாலு புழு. சாக்கடையில் முதல் கிண்ணத்திலேயே முப்பது தாண்டியது. "போதும், நிறுத்து" என்றார். கண்காணிப்பாளர் உன் கடிதத்தை மடித்துப் பையில் வைத்தார். திரும்பிப் போகும்போது, "உங்கக்கா எந்தக் காலேஜ்ல படிச்சாங்க?" என்று மட்டும் கேட்டார். "பத்தாவதுங்கய்யா" என்றேன்.

முழுசாக ஜெயித்துவிட்டோம் என்று நினைக்காதே. சுவரை ஒட்டிய பாதியை மூடிவிட்டார்கள். கண்ணெதிரே நான்கு கொத்து மண்ணுக்குள் போயிற்று. தவளைகள் துள்ளித் துள்ளி இந்தப் பக்கம் வந்தன. வராதவையும் இருக்கும். மிச்சப் பாதி நிற்கிறது. அதில் ஐந்து முட்டையில் நாலு பொரித்துவிட்டன. குஞ்சுகள் கரித்துண்டு மாதிரி கன்னங்கரேல் என்று இருக்கின்றன, தாய்க்கு மட்டும் அத்தனை வெள்ளை. பொரித்த மறுநாளே தாயின் பின்னால் சேற்றில் ஓடுகின்றன.

உன் தம்பி


ஆகஸ்ட் 5

தம்பிக்கு,

உங்கள் கண்காணிப்பாளர் எனக்கு ஒரு பதில் அனுப்பியிருந்தார். இரண்டே வரி. "உள்ளதை உள்ளபடி எழுதியதற்கு நன்றி" என்று முடித்திருந்தார். யாருக்கும் எழுதுகிற வழக்கமான வரிதான். ஆனால் அதைப் படித்த நாளிலிருந்து எனக்கு நிலைகொள்ளவில்லை. கொசுப்புழுவைப் பற்றி உள்ளதை உள்ளபடி எழுதியவள் நான்.

உனக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த ஒன்றை இன்று எழுதுகிறேன். இந்தக் கடிதத்தை வழியில் அதிகாரிகள் பிரித்துப் படிப்பார்கள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். படிக்கட்டும்.

அன்று காலை நீ இரண்டு நாள் தொடர்ந்து லோடு ஓட்டிவிட்டு வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் விழுந்து கிடந்தாய். நான்தான் எழுப்பினேன். "அக்கா, கண்ணு சொருகுது. அத்தானை பஸ்ல போகச் சொல்லேன்" என்றாய். ஆறு மாதம் காத்திருந்து கிடைத்த கண் ஆஸ்பத்திரித் தேதி அது. பஸ்ஸில் போனால் நேரத்துக்குப் போக முடியாது. "ஊருக்கெல்லாம் முழிச்சிருந்து ஓட்டறே, எங்களுக்காக ஒரு மணி நேரம் முழிச்சிருக்க முடியாதா?" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "சோறு போட்டு வளர்த்ததுக்கு இதுதான் பலனா?" என்றும் கேட்டேன். நீ எழுந்து முகம் கழுவிக்கொண்டு சாவியை எடுத்தாய்.

பத்து மணிக்குப் போன் வந்தது. வேன் வாய்க்கால் சுவரில் மோதியிருந்தது. உனக்குக் கை முறிவு. அவர் இல்லை.

நீதிமன்றத்தில் வக்கீல் என்னிடம், "தூக்கம் வருதுன்னு உங்ககிட்ட அவர் சொன்னாரா?" என்று கேட்டார். உன்னைப் பார்த்தேன். நீ தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். பாப்பா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். "சொல்லலீங்க" என்றேன்.

அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டால் எல்லாப் பழியும் உன் பக்கம் போய்விடும் என்று தெரியும். போகட்டும் என்றுதான் சொன்னேன். அதன்பின் உன்மேல் கோபப்படுவது எனக்குத் தேவையாகிவிட்டது. கோபம் குறைந்தால் அந்த வார்த்தை காதில் கேட்கும். உன் பத்துக் கடிதத்தையும் பிரிக்காமலே வைத்திருந்ததற்குக் காரணம் அதுதான். எரிக்கவில்லை. இப்போது பிரித்துப் படித்தேன். பத்திலும் நீ மன்னிப்புக் கேட்டிருக்கிறாய். ஒன்றில்கூட "நான் அன்றைக்குச் சொன்னேனே அக்கா" என்று இல்லை.

ஏன்டா எழுதவில்லை?

அக்கா


செப்டம்பர் 1

அன்புள்ள அக்காவுக்கு,

எழுதி என்ன ஆகப்போகிறது? ஸ்டீயரிங் என் கையில் இருந்தது. சாவியை எடுத்தது நான். நீ கத்தினாய் என்பதற்காக நான் போயிருக்க வேண்டிய அவசியமில்லை, எனக்கு முப்பத்து நாலு வயது.

இதை எங்கேயும் போய்ச் சொல்லாதே. குழுவிடம் போகலாம் என்று நினைத்திருந்தால் விட்டுவிடு. சாட்சிக் கூண்டில் சொன்னதை மாற்றினால் உன்னையே பிடித்துக் கேட்பார்கள். முக்கியமாகப் பாப்பாவிடம் சொல்லாதே. கோபப்பட அவளுக்கு நான் ஒருவன் போதும். அந்த இடத்தில் உன்னையும் நிறுத்திவிட்டால் அவள் யாரிடம் போவாள்? எனக்கு இங்கே ஒன்றும் குறைவில்லை. இன்னும் ஒரு வருஷம், ஓடிவிடும்.

நேற்று முதல் கிழங்கு எடுத்தோம். நீ சொன்னபடி தாயைத் தொடவில்லை. பக்கத்துக் குட்டிகளே மூன்று கூடை வந்தன. பட்டாளம் இரண்டு மணி நேரம் வேகவைத்து, முதலில் தான் தின்று, கால் மணி நேரம் தொண்டையைத் தடவிக்கொண்டு காத்திருந்து, அப்புறம்தான் மற்றவர்களுக்குப் போட்டார். ஆளுக்கு இரண்டு துண்டுதான். ஆனால் அன்றைக்கு ஒரு தட்டிலும் மிச்சமில்லை. வார்டர் தன் வீட்டுக்கு நாலு கிழங்கு கேட்டு வாங்கிப் போனார். நட வேண்டுமாம்.

சொன்னதைக் கேள் அக்கா. விட்டுவிடு.

உன் தம்பி


அக்டோபர் 12

தம்பிக்கு,

நீ சொன்னதைக் கேட்கவில்லை. அன்றைக்கும் கேட்கவில்லை, இன்றைக்கும் கேட்கவில்லை என்று வைத்துக்கொள்.

குழுவுக்கு முன்னால் போனேன். நீளமான மேஜை, மூன்று பேர், ஓரத்தில் தட்டச்சுக்கு ஒரு பெண். ஆட்சேபத்தைத் திரும்பப் பெறத்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்து ஒரு தாளை நீட்டினார்கள். "அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும்" என்றேன். சொன்னேன். நடுவில் உட்கார்ந்திருந்த அம்மா, "இவ்வளவு நாள் கழிச்சு எதுக்கும்மா?" என்று கேட்டார். "இவ்வளவு நாள் ஆயிடுச்சுங்க, அதான்" என்றேன். தட்டச்சு செய்ததைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். நான் வாய்விட்டுப் படித்தேன். "அவன் சொன்னான், நான் கேட்கவில்லை" என்ற இடத்தில் அந்தப் பெண் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் இரண்டு தாளிலும் கையெழுத்துப் போட்டேன். என் மேல் என்ன நடவடிக்கை என்று பிறகு தெரிவிப்பார்களாம். தெரிவிக்கட்டும்.

ஆனால் அங்கே போவதற்கு முதல் நாளே பாப்பாவிடம் சொல்லிவிட்டேன். ஊர் வாய் வழியாக அவள் கேட்கக் கூடாது. அவள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். முழுசும் கேட்டாள். பேனா மூடியைத் தேடி எடுத்து மூடினாள். "அப்போ நான் எல்லார்கிட்டயும் சொன்னது?" என்றாள். அவ்வளவுதான். ஒன்பது நாள் என்னோடு பேசவில்லை. சமைத்து வைத்ததைத் தானே போட்டுச் சாப்பிட்டாள், என் தட்டையும் சேர்த்துக் கழுவி வைத்தாள், ஆனால் ஒரு வார்த்தை இல்லை. அந்த ஒன்பது நாள் எப்படிப் போயிற்று என்று எழுதத் தெரியவில்லை.

பத்தாம் நாள் காலையில் செருப்பு மாட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்: "வண்டியில அப்பா என்ன பேசிட்டுப் போனார்?"

எனக்குத் தெரியாதுடா. நான் ஒருநாளும் உன்னைக் கேட்கவில்லை. உன்னைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. எழுது. எதையும் விடாமல் எழுது. அவளுக்குப் படித்துக் காட்டுவேன்.

அக்கா


அக்டோபர் 25

அன்புள்ள அக்காவுக்கு,

எதையும் விடாமல் எழுதச் சொல்லியிருக்கிறாய். நானும் ஒன்றை இத்தனை நாள் விட்டே வைத்திருந்தேன். பாப்பாவுக்கு இதையும் சேர்த்தே படி.

கிளம்பி இருபது நிமிஷத்தில் அத்தான் என்னைக் கவனித்துவிட்டார். "டேய், வண்டியை அந்த மரத்தடியில போடு. அரை மணி தூங்கு. டாக்டர் எங்கயும் ஓடிட மாட்டார்" என்றார். நான், "வேணாம் அத்தான். லேட்டானா உங்க சம்சாரம் குத்திக் காட்டியே கொல்லுவா" என்றேன். அவர் சிரித்தார். "அவகிட்ட நான் பேசிக்கிறேன். நீ நிறுத்து" என்றார். இரண்டு தடவை சொன்னார்.

நான் நிறுத்தவில்லை. உன்மேல் எனக்குக் கோபம். சொன்ன நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்து, திரும்பி வந்து சாவியை உன் முன்னால் வீச வேண்டும் என்று நினைத்துக்கொண்டு ஓட்டினேன். அன்றைக்கு வண்டியை ஓட்டியது பாதி தூக்கம், பாதி வீம்பு. உன் பேச்சைக் கேட்டு நான் கிளம்பினேன் என்பது உண்மை. அவர் பேச்சைக் கேட்டு நிறுத்தியிருந்தால் அவர் இருந்திருப்பார் என்பதும் உண்மை.

நீதிமன்றத்தில் என்னிடம் இதை யாரும் கேட்கவில்லை. நீ "சொல்லலீங்க" என்றபோது நான் ஏன் தரையைப் பார்த்தேன் தெரியுமா? அக்காவுக்காக நான் பழியைச் சுமக்கிறேன் என்று நினைத்துக்கொள்வது எனக்கும் வசதியாக இருந்தது. உள்ளே வந்த பிறகும் அந்த நினைப்பில்தான் நிம்மதியாகத் தூங்கினேன். நீ நினைக்கிற அளவு நல்லவன் இல்லை நான்.

இந்தக் கடிதத்தின் நகலைக் குழுவுக்கும் கொடுத்துவிட்டேன். விடுதலை தள்ளிப்போனால் போகட்டும். நீ மட்டும் அங்கே போய் நின்று சொல்லிவிட்டு வந்த பிறகு நான் வாயை மூடிக்கொண்டு வெளியே வர முடியாது.

பாப்பா கேட்டதற்குப் பதில். அத்தான் கடைசியாகப் பேசியது அவளைப் பற்றித்தான். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "புதுக் கண்ணாடி வந்ததும் முதல் வேலையா பாப்பாவோட நோட்டைப் படிக்கணும்டா. கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்குன்னு டீச்சர் சொன்னாங்க. எனக்கு அதுகூடத் தெரியல, நல்லாருக்கு நல்லாருக்குன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டிருக்கேன்." சொல்லிவிட்டுத் தானே சிரித்தார். அதற்கு அப்புறம் அவர் பேசியது எனக்கு ஞாபகம் இல்லை. நான் கண்ணை மூடியிருக்க வேண்டும்.

இவ்வளவுதான் அக்கா. இனி என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை.

உன் தம்பி


நவம்பர் 20

தம்பிக்கு,

குழுவிலிருந்து தாள் வந்தது, உனக்கும் வந்திருக்கும். உன் கடிதத்தையும் என் வாக்குமூலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்ததாக எழுதியிருக்கிறார்கள். ஜனவரி பதினெட்டாம் தேதி உன்னை விடுகிறார்கள். இனி நீ வண்டி ஓட்டக் கூடாது, மாதம் ஒருமுறை கையெழுத்துப் போட வேண்டும். என்னை எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள். பம்ப் ஹவுஸில் இரண்டு பேர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள். அது இருக்கட்டும்.

நீ எழுதியதைப் படித்துவிட்டு உன்மேல் கோபம் வந்தது. நிஜமான கோபம், முன்பு மாதிரி நானாக மூட்டிக்கொண்டது இல்லை. இரண்டு தடவை சொன்னாராமே, நிறுத்தியிருக்கக் கூடாதா? இதை உன் முகத்துக்கு நேரே கேட்பேன். நீயும் என்னைக் கேள். கேட்டு முடிக்க நமக்கு ரொம்ப நாள் ஆகும் போலிருக்கிறது.

வரும்போது சேம்பைப் பிடுங்கிக்கொண்டு வராதே. அங்கேயே இருக்கட்டும். பட்டாளத்திடம் ஒப்படைத்துவிட்டு வா. கிழங்கு எத்தனை வேண்டுமானாலும் என்னிடம் இருக்கிறது.

பாப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து கேட்டாள். "வீம்பு" என்ற இடத்தில் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கண்ணாடி பற்றிய இடம் வந்ததும் கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி, அதைத் தானே படித்தாள். மறுபடியும் படித்தாள். அப்புறம் எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே அழுதாள். நான் கதவைத் தட்டவில்லை.

அது நடந்து பதினோரு நாள் ஆகிறது. இப்போது என்னோடு பேசுகிறாள், தேவைக்கு மட்டும். உன்னைப் பற்றி ஒன்றும் பேசவில்லை, நானும் எடுக்கவில்லை.

நேற்று பாப்பாவும் நானும் துணி மடித்துக்கொண்டிருந்தோம். உன் பழைய சட்டை எதுவும் இங்கே இல்லை. அன்றைக்கு நீ போட்டிருந்ததையும் போலீஸ் எடுத்துக்கொண்டது. நீ வெளியே வரும்போது எதைப் போட்டுக்கொண்டு வருவாய் என்று நான் யோசிக்கவே இல்லை.

உன் சட்டை அளவை எழுதி அனுப்பு. கேட்டது நான் இல்லை.

அக்கா